பழைய கோப்புகளும் புதிய கணிப்பொறியும்

புதிதாய் மணமுடித்த பெண் ஒருத்தி, புகுந்த வீட்டின் அடுக்களையில் முதல் நாள் நிற்கும் நிலையை நம் இல்லத்தரசிகள் யாவரும் அறிவர். சமைக்கத் தெரியாதவள் அல்லள் அவள். பிறந்த வீட்டில் விளக்கு அணைந்த வேளையிலும் கடுகையும் சீரகத்தையும் கை தவறாமல் எடுத்தவளே. ஆயினும் இங்கே உப்புச் சாடி எந்தத் தட்டில், புளிப் பானை எந்த மூலையில் என்பது தெரியாமல் கை தடுமாறுகிறது. மாமியார் ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிடும். மாறியது இடமே அன்றிப் பொருள் அன்று.

இத்தகைய தடுமாற்றத்தை இன்று பல குடும்பங்களில் கணிப்பொறியின் முன்னே காண்கிறோம். 2015ஆம் ஆண்டு வெளிவந்து, உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இடம்பெற்ற விண்டோஸ் 10 என்னும் இயங்குமுறைக்கு, அதனை ஆக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் 11, அண்மைக் காலச் சில்லுகளையும் ஒரு தனிப் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கிறது. எனவே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கணிப்பொறிகள் பலவற்றில் அது நேர்முறையில் ஏறுவதில்லை. வசதி படைத்தோர் புதியது வாங்கினர். வேறு பலர், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் ஒன்றைப் பழைய பொறியிலேயே நிறுவிக்கொண்டனர். 2004இல் தோன்றிய உபுண்டு, 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. நம் அலுவலகத்துக் கணிப்பொறியும் இப்படி மாறியதுதான்.

மாறிய சில நாள்களில் ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘எங்கள் ஃபைல்கள் எல்லாம் எங்கே போயின?’ இக்கேள்விக்கு விடை தேடும் முன், ஒரு வீட்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அவ்வீட்டாரின் இசைவோடுதான் இதனை எழுதுகிறோம்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, கைம்பெண்ணாகிய ஒரு தாய் நம்மிடம் வந்தார். அவர்தம் கணவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒழுங்குக்குப் பெயர் போனவர். நிலப் பட்டா, காப்பீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டு வரி இரசீதுகள் அனைத்தையும் படியெடுத்துத் தம் கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்து ஒன்றரை ஆண்டு கழிந்தபின், கல்லூரியில் பயிலும் இளைய மகன் அப்பொறியில் லினக்ஸை நிறுவினார். ‘எல்லாம் போய்விட்டது சாமி’ என்று தாய் கலங்கினார். அன்று மாலை நாம் அவ்வீட்டிற்குச் சென்றோம்.

மகன் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். திரையில் பழைய சி டிரைவும் இல்லை, டி டிரைவும் இல்லை. ஆயின் கோப்புச் சாளரத்தின் இடப்புற ஓரத்தில், பெயரற்ற ஒரு வரி ‘400 ஜி.பி.’ என்ற அளவை மட்டும் காட்டி நின்றது. அதன்மேல் ஒருமுறை தட்டச் சொன்னோம். தட்டியதும் பழைய டி டிரைவ் அப்படியே திறந்தது. பட்டா இருந்தது, பத்திரங்கள் இருந்தன, திருமணப் படங்களும் இருந்தன. லினக்ஸ் அதனைத் தொலைக்கவில்லை; நாம் கேட்கும்வரை கதவைத் திறக்காமல் வைத்திருந்தது, அவ்வளவே.

தாயின் முகம் மலர்ந்தது. பின்னர் மெல்லிய குரலில், ‘அவர் பேசி வைத்தது எல்லாம் எங்கே தம்பி?’ என்று கேட்டார்.

மகன் பதில் கூறவில்லை. தம் இறுதி மாதங்களில் அந்த ஆசிரியர், தம் ஊரைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் பேரப்பிள்ளைகளுக்காகப் பேசி ஏழு ஒலிப்பதிவுகள் செய்திருந்தார். அவை யாவும் டெஸ்க்டாப் எனப்படும் முகப்புத் திரையில், கண்ணுக்கு நேரே இருந்தன. குடும்பத்தின் பொருள்கள் யாவும் டி டிரைவில்தான் உள்ளன என்று நம்பிய மகன், சி டிரைவை மட்டும் அழித்து அவ்விடத்தில் லினக்ஸை நிறுவியிருந்தார். முகப்புத் திரை சி டிரைவுக்குள் அடங்கியது என்பதை அவர் அறியவில்லை.

‘சாமி, அவர் ரெண்டாந்தடவை போன மாதிரி இருக்கு’ என்றார் அந்தத் தாய். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இதில் ஓர் உண்மை தெளிவாகிறது. புதிய இயங்குமுறை எதையும் விழுங்கவில்லை. நம் பொருள் பழைய வீட்டில் எங்கே இருந்தது என்பதை அறியாமல் வீடு மாறியதே இழப்பிற்குக் காரணம். ஆகவே கோப்புகள் இருக்கும் இடத்தையும், அவற்றிற்குப் பெயரிடும் முறையையும் ஓரளவேனும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

உறை என்ற பெயர் வந்த வகை

கணிப்பொறிக்குள் உண்மையில் காகிதமும் இல்லை, உறையும் இல்லை. வட்டின்மேல் பதிந்த குறிகளே உள்ளன. அலுவலகத்தில் பழகியவர்களுக்கு எளிதாக விளங்கும்பொருட்டு, 1981இல் ஸெராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணிப்பொறி, கோப்பு, கோப்புறை, இழுப்பறை ஆகியவற்றைச் சிறு படங்களாகத் திரையில் காட்டியது. 1984இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் அம்முறையைப் பலரிடமும் கொண்டு சென்றது. அன்று முதல் திரையே மேசை, அதன்மேல் காண்பவை கோப்புகள் என்னும் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது.

இவ்வுருவகம் பெரிதும் உதவுவது. எனினும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. வீட்டில் மேசை வேறு, பீரோ வேறு. பீரோவைத் தூக்கிச் சென்றாலும் மேசைமேல் வைத்த கடிதம் அங்கேயே இருக்கும். கணிப்பொறியிலோ மேசையும் பீரோவின் ஓர் அறைதான். விண்டோஸில் முகப்புத் திரை என்பது சி டிரைவில், பயன்படுத்துவோர் பெயரில் அமைந்த உறைக்குள் உள்ள மற்றோர் உறையே. ‘டவுன்லோட்ஸ்’ எனும் பதிவிறக்க உறையும் வழக்கமாக அங்கேதான் இருக்கும். சி டிரைவ் அழியும்போது அவையும் உடன் அழியும். அந்த மகன் தவறியது இந்த இடத்தில்தான். பலரும் தவறுவது இங்கேதான்.

சி என்ற எழுத்துக்கும் ஒரு காரணம் உண்டு. தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் ஃபிளாப்பி எனப்படும் மென்தகட்டைச் செருகும் வாய்கள் இரண்டு இருந்தன. அவற்றிற்கு ஏ, பி என்று பெயர். பின்னர் வந்த நிலையான வட்டுக்கு அடுத்த எழுத்தாகிய சி வாய்த்தது. மென்தகடுகள் மறைந்துவிட்டன, எழுத்து மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரே மரம், பல கிளைகள்

லினக்ஸின் மரபு வேறு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குமுறையின் வழியைப் பின்பற்றி, 1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கியதே லினக்ஸ். இம்மரபில் டிரைவ்களுக்குத் தனித்தனி எழுத்துகள் இல்லை. முழுக் கணிப்பொறியும் ஒரே மரம். அதன் வேர், ஒற்றைச் சாய்கோட்டால் குறிக்கப்படுகிறது. வட்டுகள் எத்தனை இருப்பினும், பென் டிரைவ் எத்தனை செருகினும், அவை யாவும் இம்மரத்தின் கிளைகளாகவே பொருத்தப்படும்.

இம்மரத்தில் ‘ஹோம்’ என்பது ஒரு கிளை. அதற்குள் நம் பெயரில் ஓர் உறை இருக்கும். வீட்டில் நமக்கென்று ஒதுக்கிய அறை அது. ஆவணங்கள், பதிவிறக்கங்கள், படங்கள், இசை, காணொளிகள், முகப்புத் திரை ஆகிய உறைகள் அதனுள்ளே ஆயத்தமாக இருக்கும். இயங்குமுறையின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் இவ்வுறைகளின் பெயர்களும் தமிழில் அமையலாம். பின்னர் மொழியை மாற்றினால், உறைகளின் பெயரையும் மாற்றலாமா என்று பொறி கேட்பதுண்டு. எண்ணாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டு, ‘என் ஆவணங்கள் உறையைக் காணோம்’ என்று தேடுவோர் உளர். பெயர் மாற்ற வேண்டாம் என்று விடுப்பதே குழப்பமற்ற வழி.

வேறு கிளைகளுக்குள் சென்று எதையேனும் மாற்ற முயன்றால், ‘உமக்கு உரிமை இல்லை’ என்று பொறி தடுக்கும். யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இயக்கும் உரிமை என்று மூன்றும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. பலர் ஒரே பெரிய கணிப்பொறியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் பிறந்த ஏற்பாடு இது. இத்தடையைக் கண்டு சினம் கொண்டு, தலைமை உரிமையைப் பயன்படுத்தி உள்ளே புகுந்து அழிப்பது அறிவுடைமை ஆகாது. நம் அறைக்குள் நம் கோப்புகளை வைத்துக்கொண்டால் இத்தடையை நாம் பெரும்பாலும் சந்திக்கவே மாட்டோம்.

இன்னொன்று. புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளையும் உறைகளையும் லினக்ஸ் மறைத்து வைக்கிறது. செயலிகளின் அமைப்புகள் அங்கே இருக்கும். மின்னஞ்சல் செயலியில் சேர்ந்த பழைய கடிதங்களும் பல நேரங்களில் இத்தகைய மறைந்த உறையில்தான் இருக்கும். கோப்புச் சாளரத்தில் கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் அவை தோன்றும். மீண்டும் அழுத்தினால் மறையும். படியெடுக்கும்போது இவற்றை மறந்துவிடலாகாது.

பெயரிடுவதில் கவனம்

விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கோப்பின் பெயரில் ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸில் அவை வேறு வேறு. ‘ரேஷன்’ என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி ஒரு கோப்பும், சிறிய எழுத்தில் தொடங்கி மற்றொரு கோப்பும் ஒரே உறைக்குள் அமைதியாக இருக்கும். அவற்றைப் பின்னர் விண்டோஸ் கணிப்பொறிக்கோ பென் டிரைவுக்கோ படியெடுக்கும்போது இரண்டும் ஒரே பெயராகிவிடும். ‘முன்னுள்ளதை மாற்றி எழுதவா?’ என்று பொறி கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ என்றால் ஒன்று அழிந்துபோகும். எனவே ஆங்கிலத்தில் பெயரிடுவோர் முழுவதும் சிறிய எழுத்துகளையே கையாளுவது நலம்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆயினும் நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘சொத்து’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை, ஒரே குறியாகவும் கணிப்பொறியில் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் அவை வேறு பெயர்கள். அவ்வாறே ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதும் வழக்கமும் உண்டு. ‘சொத்து வரி என்று பெயர் வைத்தேன், தேடினால் வரவில்லையே’ என்று ஒருவர் நம்மிடம் வியந்ததற்கு இதுவே காரணமாயிருந்தது. வீட்டில் யாவரும் ஒரே தட்டச்சு முறையைப் பின்பற்றினால் இச்சிக்கல் குறையும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை முறை லினக்ஸிலும் விண்டோஸிலும் கிடைக்கிறது.

முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் விண்டோஸ் ஏற்பதில்லை; லினக்ஸ் ஏற்கும். லினக்ஸில் ‘கணக்கு: மார்ச்’ என்று பெயரிட்ட கோப்பு, விண்டோஸ் கணிப்பொறிக்குச் செல்லும்போது தடைபடும். இருவருக்கும் பொதுவான பெயரையே வைப்போமாக.

நாள் குறிப்பதிலும் ஓர் ஒழுங்கு தேவை. நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் கணிப்பொறி அவற்றை முதல் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும். சனவரி முதல் நாளும் டிசம்பர் முதல் நாளும் அடுத்தடுத்து நிற்கும். ஆண்டு முதலிலும், மாதம் அடுத்தும், நாள் இறுதியிலும் வர, ‘2024-03-15 வீட்டு வரி’ என்று எழுதினால் எல்லாம் காலமுறைப்படி தாமே நிற்கும். எந்தப் பொறிக்குச் சென்றாலும் இவ்வொழுங்கு மாறாது.

திறந்தும் படிக்க இயலாத கடிதங்கள்

கோப்பு கிடைத்துவிட்டது, திறந்தால் உள்ளே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் பொருளின்றிக் கிடக்கின்றன. நம் அலுவலகத்திலேயே இதனைக் கண்டு ஒரு கணம் திகைத்தோம். பழைய கடிதங்கள் பலவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறிகளே. எழுத்துரு என்னும் உடையை அணிவித்தால்தான் தமிழாய்த் தோன்றும். புதிய பொறியில் அவ்வுடை இல்லை; எனவே உள்ளிருப்பது வெளிப்படுகிறது.

கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பழைய பொறியிலிருந்து அவ்வெழுத்துருக் கோப்பை எடுத்து வந்து புதியதில் நிறுவினால் கடிதம் மீண்டும் தமிழாகும். நிலையான தீர்வு, அவற்றை ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறைக்கு மாற்றிச் சேமிப்பதே. மாற்றித் தரும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டு அரசும் 2010இல் அதனை ஏற்றது. ஒருங்குறியில் எழுதியதை, தமிழ் எழுத்துரு ஒன்று உள்ள எந்தக் கணிப்பொறியும், கைப்பேசியும் தமிழாகவே காட்டும். மாற்றிய பின்னரும் மூலக் கோப்பைச் சில காலம் வைத்திருங்கள். மாற்றத்தில் ஓரிரு எழுத்துகள் பிறழ்வதுண்டு.

பென் டிரைவைக் கையாளும் முறை

வீடு மாறுவோர்க்குச் சுமைவண்டி எப்படியோ, கணிப்பொறி மாறுவோர்க்குப் பென் டிரைவும் வெளி வட்டும் அப்படி. இவற்றில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, லினக்ஸில் பெரிய கோப்பொன்றைப் படியெடுக்கும்போது, திரையில் வேலை முடிந்ததுபோல் தோன்றினும் உள்ளே எழுதும் பணி இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். உடனே பிடுங்கிவிட்டால் கோப்பு பாதியில் நிற்கும். கோப்புச் சாளரத்தில் அந்த டிரைவின் பெயரருகே உள்ள வெளியேற்றும் குறியைத் தட்டி, எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு வந்தபின் எடுப்பதே முறை. பால் பொங்கி அடங்கும்வரை அடுப்படியில் நிற்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டும்.

இரண்டாவது, பழைய பென் டிரைவ்கள் பலவும் ஃபேட்32 என்ற அமைப்பில் இருக்கும். அவற்றில் 4 ஜி.பி. அளவை எட்டும் தனிக் கோப்பு ஏறாது. டிரைவில் இடம் மீதி இருந்தும், திருமணக் காணொளி ஏறவில்லையே என்று வருந்துவோர் இதனை நினைவிற் கொள்க. எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பிற்கு மாற்றினால் இத்தடை இராது. விண்டோஸும் லினக்ஸும் அதனைப் படிக்கும். ஆனால் அமைப்பை மாற்றும்போது அதிலுள்ளவை யாவும் அழியும். முன்னதாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, லினக்ஸில் பென் டிரைவிலிருந்து ஒரு கோப்பை நீக்கினால், அந்த டிரைவிலேயே மறைந்த குப்பைத்தொட்டி ஒன்றில் அது சென்று தங்கும். நீக்கியும் இடம் கூடவில்லை என்றால் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். தவறி நீக்கியவர்க்கோ இதுவே நற்செய்தி. தேடினால் அங்கே கிடைக்கும்.

ஒரே பொறியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்போர்க்கு ஒரு சொல். விரைவில் தொடங்குவதற்காக, விண்டோஸ் தன்னை முழுவதும் அணைத்துக்கொள்ளாமல் அரைத்துயிலில் ஆழ்வதுண்டு. அந்நிலையில் அதன் வட்டை லினக்ஸில் படிக்க மட்டுமே இயலும், எழுத இயலாமற்போகலாம். விண்டோஸின் அமைப்பில் அந்த விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு முறையாக அணைத்தால் சரியாகும்.

மாறும் முன்னும் பின்னும்

இயங்குமுறையை மாற்ற எண்ணும் குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இது. மாறும் முன் ஒரு நாள் மாலை வீட்டார் யாவரும் ஒன்றாய் அமருங்கள். ஒரு தாளை எடுத்து, எந்தெந்தப் பொருள்கள் கணிப்பொறியில் உள்ளன, எந்த உறையில் உள்ளன என்று எழுதுங்கள். முகப்புத் திரை, பதிவிறக்க உறை, மின்னஞ்சல், உலாவியில் குறித்து வைத்த முகவரிகள், எழுத்துருக்கள் ஆகிய ஐந்தையும் தவறாமல் பாருங்கள். அவற்றை எல்லாம் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, வேறொரு கணிப்பொறியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி, எண்ணிப் பாராத பணம் போன்றது. அதன்பின் அவ்வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுவும் வேலையைத் தொடங்குங்கள். நிறுவும் செயலி, வட்டு முழுவதையும் அழித்து நிறுவலாமா என்று ஒரு தெரிவை முன்வைக்கும். படி கையிலிருப்பவர் மட்டுமே அதற்கு அஞ்சாமல் விடை கூற முடியும்.

மாறிய பின், பழைய குவியலை அப்படியே புதிய அறையில் கொட்டிவிடாதீர்கள். உறைகள் மிகப் பலவும் வேண்டா. வீடும் நிலமும், படிப்பு, மருத்துவம், வங்கி, படங்கள் என்று ஐந்தாறு பெரிய உறைகள் ஒரு குடும்பத்திற்குப் போதும். அவற்றின் உள்ளே ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம். ‘புதியது’, ‘மற்றவை’, ‘இதர’ என்ற பெயர்களைத் தவிருங்கள். அத்தகைய உறைகளே பிற்காலத்தில் காடாகின்றன. பெயரிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நாம் இல்லாத நாளில் இதனை வேறொருவர் தேடுவார். அவர்க்கு விளங்கும் பெயரே நல்ல பெயர்.

முக்கியமானவற்றிற்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவற்றுள் இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்கட்டும். இத்துறையில் தேர்ந்தோர் பலரும் கூறும் விதி இது. கணிப்பொறியும் அதன் வெளி வட்டும் ஒரே மேசையில் இருந்தால், வெள்ளமும் திருடனும் இரண்டையும் ஒருங்கே கொண்டு போவர்.

தவறி அழித்துவிட்டதாக உணர்ந்தால் அக்கணமே அப்பொறியை நிறுத்திவிடுங்கள். அழிந்த கோப்பின் இடத்தில் வேறு எழுத்து ஏறும்வரை அதனை மீட்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. ஃபோட்டோரெக் போன்ற இலவசச் செயலிகள் அப்பணியைச் செய்கின்றன. பழைய பெயர்கள் திரும்பாவிடினும் உள்ளடக்கம் கிடைக்கலாம். தொடர்ந்து பயன்படுத்தும் ஒவ்வொரு மணியும் அவ்வாய்ப்பைக் குறைக்கிறது.

மீண்டும் அந்த வீட்டில்

நாம் முதலிற் கூறிய வீட்டில், குறை தெரியும் முன்னரே இரண்டு வாரம் பொறி ஓடியிருந்தது. அந்த மகன் இரவுகள் பல விழித்து முயன்றார். சில படங்கள் பெயரின்றி மீண்டன. தந்தையின் குரல் மீளவில்லை.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. வெளியூரில் வாழும் மூத்த மகள் செய்தி அறிந்து தம் கைப்பேசியைத் தேடினார். உயிருடன் இருந்தபோது தந்தை, அவ்வேழு பதிவுகளுள் ஒன்றை வாட்ஸ்அப் வழியாக மகளுக்கு அனுப்பியிருந்தார். அவர் பிறந்த ஊரில், தம் தந்தையும் அண்டை வீட்டாரும் சேர்ந்து கிணறு வெட்டிய கதை அது. பதினொரு நிமிடம் ஓடுவது. ஏழில் ஒன்று எஞ்சியது. எஞ்சியதன் காரணம், அதன் படி ஒன்று வேறோர் இடத்தில் இருந்தமையே.

அடுத்த முறை நாம் சென்றபோது மகன் அதனைக் காட்டினார். ஆண்டு, மாதம், நாள் இட்டு, ‘அப்பா, கிணறு வெட்டியது’ என்று பெயர் வைத்திருந்தார். கணிப்பொறியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, அக்காள் வீட்டில் ஒன்று. பீரோவின் கதவில், எந்த உறையில் எது உள்ளது என்று கையால் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சாமி, ஆனா இந்தத் தாளைப் பார்த்து இப்ப நானே திறந்துடுவேன்’ என்று கூறி, அந்தத் தாய் எலிப்பொறியை மெல்ல நகர்த்தி அவ்வுறையைத் தாமே திறந்தார். சிறிது நேரம் நாம் யாவரும் பேசாமல் அக்குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

புதிய கணிப்பொறியின் வழிகள் ஒரு மாதத்தில் எவர்க்கும் பழகிவிடும். சி டிரைவ் போய்ச் சாய்கோடு வந்ததால் எவரும் ஏழையாகிவிடவில்லை. நம் பொருள் எங்கே இருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். நமக்குப் பின் வருவோரும் அறியும்படி வைத்திருக்க வேண்டும். ஆதலால், இயங்குமுறையை மாற்றும் எண்ணம் உங்களுக்கு இருப்பினும் இல்லாவிடினும், இன்றிரவே உங்கள் கணிப்பொறியின் முகப்புத் திரையை ஒருமுறை பாருங்கள். அங்கே இருப்பவற்றுள் இழக்கக் கூடாதது எது என்று வீட்டாரைக் கேளுங்கள். அதற்கு வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வைத்த பின் உறங்கச் செல்லுங்கள்.